வெட்டுக்கு முன், வெட்டுக்குப் பின்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் அப்பா கரும்பு போட்டவர், இந்த மாவட்டத்துக்காரர்தான். ஆலை தரும் வெட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் அவரைக் கடைக்கு அனுப்பினால், அம்மா சொன்ன நாலு சாமானில் இரண்டுதான் வீடு வந்து சேரும். அம்மா துண்டின் நுனியில் முடிச்சுப் போட்டு அனுப்புவார். அப்பா போய்விட்டுத் திரும்பி வந்து, முடிச்சைக் காட்டி, "இது எதுக்குப் போட்ட?" என்று அம்மாவிடமே கேட்பார். அதே மனிதர், வெட்டு முடிந்து ஆலைப் பணம் கைக்கு வந்தபின் திண்ணையில் உட்கார்ந்து, எந்த டிராக்டரில் எத்தனை டன் போனது, எந்த ஆளுக்கு எவ்வளவு கூலி பாக்கி, யாரிடம் எந்தத் தேதியில் கைமாற்று வாங்கினோம் என்பதையெல்லாம் காகிதம் இல்லாமல் ஒப்பிப்பார். அவருக்கு மறதி என்று ஊரே சொன்னது. பணம் வந்ததும் அந்த மறதி எங்கே போகிறது என்று சின்ன வயதில் எனக்குக் கேள்வி. உளவியல் படித்ததும், முப்பது ஆண்டுகள் அதைச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதுதான்.

இன்று பேச வந்தது செயல்நினைவு பற்றி. பள்ளியில் படித்த பாட்டு, பாட்டியின் முகம், பிறந்த ஊர் என்று நாம் சேர்த்து வைத்திருப்பதெல்லாம் வேறு நினைவு. அது குதிர். நெல்லைக் கொட்டி மூடி வைக்கலாம், ஆண்டுக்கணக்கில் இருக்கும். செயல்நினைவு என்பது முறம். இந்த நிமிடத்துக்கு வேண்டியதை அள்ளி, புடைத்து, பதரை ஊதித் தள்ளி, மணியை மட்டும் நிறுத்திக்கொள்ளும் இடம். மனக்கணக்குப் போடும்போது கையில் நிற்கும் மிச்சம், நீண்ட வாக்கியத்தைக் கேட்கும்போது முடிவு வரும்வரை தாங்கி நிற்கும் தொடக்கம், இவை முறத்தில் இருப்பவை. 1974இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிச்சும் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே 1956இல் ஜார்ஜ் மில்லர் இதன் அளவை ஏழு என்றார், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று. 2001இல் நெல்சன் கோவன் பழைய சோதனைகளையெல்லாம் சலித்துப் பார்த்து, உதட்டுக்குள் திருப்பிச் சொல்வது போன்ற உபாயங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாலுதான் என்றார். மனிதனின் முறம் அவ்வளவு சின்னது.

இந்த ஊரிலேயே அதைச் சோதித்துப் பார்க்கலாம். முதல்முறை வந்த வெளியூர்க்காரர் ஒருவரிடம் கிரிவலப் பாதையில் உள்ள எட்டு லிங்கங்களின் பெயர்களை ஒருமுறை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். நாலைந்தில் தடுமாறுவார். பௌர்ணமிதோறும் மலை சுற்றும் நம் பாட்டி ஒருவர், நடுவில் பேரனை அதட்டிக்கொண்டே, எட்டு லிங்கத்தையும் வரிசை மாறாமல் சொல்லிவிடுவார். அவர் மனத்தில் இருப்பது 14 கிலோமீட்டர்ப் பாதை ஒன்றே ஒன்று. கால் நடக்க நடக்க லிங்கங்கள் தாமாக எதிரே வருகின்றன. முறத்தில் அவருக்குப் பிடித்த இடம் ஒன்று, வெளியூர்க்காரருக்குப் பிடித்த இடம் எட்டு.

மனிதருக்கு மனிதர் முறம் ஒரே அளவா என்றால், இல்லை. இதை மழுப்பக் கூடாது. ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே அறை, ஒரே சோதனை என்று வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு வருகிறது. 1980இல் டேன்மனும் கார்பெண்டரும் வாக்கியங்களைப் படிக்கவைத்து, ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் நினைவில் நிறுத்தச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் பொருளும் புரிய வேண்டும், சொல்லும் நிற்க வேண்டும். அதில் எத்தனை சொல் நின்றது என்பது, அந்த மாணவர் ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறனோடு நெருங்கி இணைந்திருந்தது.

அந்த வேறுபாடு எதில் இருக்கிறது என்பதற்கு நான் வகுப்பில் தவறாமல் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. தேரோட்ட நாளில் தேரடித் தெருவில் நண்பரோடு பேசிக்கொண்டு நிற்கிறீர்கள். சுற்றி ஆயிரம் குரல். எங்கோ ஒருவர் உங்கள் பெயரைச் சொல்கிறார். காதில் விழுமா? காதுக்கு ஒன்றாக இருவேறு பேச்சுகளைக் கேட்கவைத்து இதைச் சோதிக்கும் வழியை 1953இல் காலின் செர்ரி தொடங்கினார். கவனிக்காத காதில் தம் பெயர் வந்ததை மூன்றில் ஒருவர்தான் கேட்கிறார் என்று 1959இல் மோரே காட்டினார். எந்த மூன்றில் ஒருவர்? அதற்கு விடை வர 2001 ஆயிற்று. செயல்நினைவு குறைந்தவர்களில் 65 சதவீதம் பேர் தம் பெயரைக் கேட்டார்கள். நிறைந்தவர்களில் 20 சதவீதம் பேர்தான் கேட்டார்கள். தலைகீழாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்போம். நல்ல முறம் என்பது நிறையப் பிடிப்பதைவிட வேண்டாததை வெளியே நிறுத்துவதில் இருக்கிறது. வகுப்பில் சன்னலுக்கு வெளியே போகும் ஐஸ் வண்டியின் மணி ஒரு பிள்ளைக்கு மட்டும் கேட்கிறதே, அந்தப் பிள்ளை கேளாமல் இருக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறது. அதற்காக அதை அடித்துப் பயன் இல்லை.

தமிழில் இதற்கு ஒரு பெரிய கலையே உண்டு: அவதானம். கவனகம் என்று இன்று சொல்கிறோம். முதுகில் விழும் கற்களை ஒருபுறம் எண்ண வேண்டும், இடையிடையே அடிக்கும் மணியை எண்ண வேண்டும், கணக்குக்கு விடை சொல்ல வேண்டும், சதுரங்கம் ஆட வேண்டும், அவையில் ஒருவர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிக்க வேண்டும், கடைசியில் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். எட்டு என்றால் அட்டாவதானம், பத்து தசாவதானம், நூறு சதாவதானம். வினோதரச மஞ்சரி எழுதிய வீராசாமிச் செட்டியார் அட்டாவதானி. நம் காலத்துக்கு அருகில் பார்வை இழந்த திருக்குறள் இராமையா குறள் முழுவதையும் மனத்தில் நிறுத்திப் பதின்கவனகம் செய்தார். அவர் மகன் கனகசுப்புரத்தினம் அதைத் தொடர்ந்தார்.

1907ஆம் ஆண்டை இங்கே குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மார்ச் மாதம், நாகர்கோவில் இடலாக்குடிக்காரரான செய்குத்தம்பிப் பாவலர் சென்னை விக்டோரியா பொது அரங்கில் சதாவதானம் செய்து காட்டினார். அதே ஆண்டு நவம்பரில், கார்த்திகைத் திருவிழா நாட்களில், இந்த மலைமேல் விரூபாட்ச குகைக்கு ஒருவர் ஏறி வந்தார். 1900இல் நவத்வீபத்தில் காவியகண்டர் என்று பட்டம் பெற்ற வடமொழிப் புலவர், அவதானக் கலையில் தேர்ந்த கணபதி முனிவர். அங்கே அமர்ந்திருந்த இளைஞருக்கு ரமண மகரிஷி என்ற பெயரை வைத்தவர் இவர்தான். அந்தச் சந்திப்புக்குப் பின் இங்குள்ள மாமரக் குகையில் தங்கி, இருபது நாளில் ஆயிரம் பாடல் என்று உறுதி எடுத்து உமா சகஸ்ரம் பாடினார். கடைசி இரவில் நிறையப் பாடல்கள் பாக்கி. சீடர்கள் பலர் ஒரே நேரத்தில் எழுத உட்கார, ஒருவருக்கு ஒன்றாக மாறி மாறிச் சொல்லி அந்த இரவிலேயே முடித்தார் என்று ஆசிரம வரலாறுகள் கூறுகின்றன.

பாவலருக்கும் முனிவருக்கும் முறம் நம்மைவிடப் பெரிதாக இருந்ததா? யாப்புத் தெரிந்தவர்கள் இதற்கு எளிதில் விடை சொல்வார்கள். வெண்பா பாடும் ஒருவர் சொற்களைத் தனித்தனியாகத் தூக்குவதில்லை. தளை அடுத்த சீரின் கதவைப் பாதி மூடிவிடுகிறது. எதுகை அடுத்த அடியின் முதற்சொல்லைக் கிட்டத்தட்டக் கையில் கொடுத்துவிடுகிறது. ஆயிரம் வெண்பா குதிரில் இருப்பவருக்கு, முறத்தில் ஒரு வெண்பா பிடிக்கும் இடம் ஒரு பிடி. பாட்டிக்குக் கிரிவலப் பாதை செய்த வேலையைப் புலவருக்கு யாப்பு செய்கிறது.

இதை ஆய்வகத்தில் பார்க்கவும் நமக்கு ஒருவர் கிடைத்தார். சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன். 1981 ஜூலை 5 அன்று மங்களூரில் பை என்னும் எண்ணின் 31,811 இலக்கங்களைப் பிழையின்றிச் சொல்லி உலகச் சாதனை செய்தவர். பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கணக்கில் அவரைச் சோதித்தார்கள். ஒருமுறை கேட்டு அவர் திருப்பிச் சொன்ன எண் வரிசைகள் நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத நீளம். ஆனால் எண்களுக்குப் பதிலாகப் பழக்கமில்லாத குறிகளைக் கொடுத்தபோது, அவர் நினைவு நம் எல்லாரையும் போல ஆறை ஒட்டி நின்றுவிட்டது. பயிற்சி எந்த வயலில் செய்தோமோ அந்த வயலில்தான் விளைகிறது. பிள்ளைகளின் நினைவாற்றலைப் பொதுவாகவே பெருக்கித் தருகிறோம் என்று பணம் வாங்கும் பயிற்சிகளை நம்பி வரும் பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்வேன். 2013இல் அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மெல்பி-லெர்வாக், ஹ்யூம் இருவரும், பயிற்சி செய்த விளையாட்டில் முன்னேற்றம் உண்டு, அது கணக்குக்கோ படிப்புக்கோ கடந்து போகவில்லை என்று கண்டார்கள். அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்குப் பாட்டு கற்றுக்கொடுங்கள், சதுரங்கம் கற்றுக்கொடுங்கள். அதற்காகவே அது நல்லது.

இனி அப்பாவிடம் வருகிறேன். 2013 ஆகஸ்டில் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ. அதைப் படித்துக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஆய்வு நடந்த இடம் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்கள். 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள்.

ஏன் கரும்பு? நெல்லோ காய்கறியோ போல அல்லாமல் கரும்புக்குப் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, மொத்தமாக வருகிறது. வெட்டு முடிந்த மாதம் கை நிறைந்திருக்கும், அடுத்த வெட்டுக்கு முந்தைய மாதம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். ஒரே ஆள் ஒரே ஆண்டில் ஏழையாகவும் இருக்கிறார், ஏழை அல்லாதவராகவும் இருக்கிறார். ஏழையையும் பணக்காரரையும் ஒப்பிட்டால் படிப்பு வேறு, சாப்பாடு வேறு, வளர்ப்பு வேறு என்று ஆயிரம் காரணம் குறுக்கே வரும். இங்கே அதே அப்பாவை அப்பாவோடு ஒப்பிடலாம். இன்னொரு வசதி, ஆலை தன் அரைவைத் திறனுக்கு ஏற்றபடிதான் வெட்டு உத்தரவு கொடுக்கும். ஒருவருக்கு முந்தி வரும், பக்கத்து வயலுக்குப் பல வாரம் பிந்தி வரும். ஆகவே வெயில் காலம், பண்டிகைக் காலம் என்று காரணம் காட்டவும் முடியாது.

வெட்டுக்கு முன் அவர்களில் 78 சதவீதம் பேர் ஏதாவதொன்றை அடகு வைத்திருந்தார்கள், வெட்டுக்குப் பின் 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் முன்பு 99 சதவீதம், பின்பு 13 சதவீதம். அடகுக்கடைப் படி ஏறி இறங்கியவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல.

சோதனை இரண்டு. ஒன்று, படத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் ரேவன் சோதனை, பத்துக் கேள்வி. இன்னொன்று கவனத்துக்கானது. பலருக்கு எழுத்தறிவு குறைவு என்பதால் எண்களை வைத்து அமைத்தார்கள். 5 5 5 என்று காட்டி, எத்தனை எண் இருக்கிறது என்று கேட்பார்கள். விடை மூன்று. நாக்கு ஐந்து என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கி மூன்று என்று சொல்ல வேண்டும். முறம் செய்யும் வேலை இதுதான், வருகிற பதரைத் தள்ளுவது. வெட்டுக்குப் பின் ரேவன் சோதனையில் சராசரி 5.45 விடை சரி, வெட்டுக்கு முன் 4.35. எண் சோதனையை முடிக்கப் பின்பு 131 வினாடி, முன்பு 146. தவறுகளும் வெட்டுக்கு முன்புதான் அதிகம். ஓர் இரவு முழுக்கத் தூங்காதவருக்கு நேரும் இறக்கத்தோடு ஆய்வாளர்கள் இத்தகைய குறைவை ஒப்பிட்டார்கள்.

இரண்டாம் முறை எழுதும் தேர்வு பழகிப்போய் எளிதாகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்காகவே 100 விவசாயிகளைத் தனியே நிறுத்தி, வெட்டுக்குப் பிறகுதான் அவர்களை முதல்முறையாகச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் பார்த்தார்கள். பதற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியவில்லை. அவர்கள் தந்த விளக்கம்: வட்டிக்கு நாள் எண்ணுவது, எந்த நகையை முதலில் மீட்பது, மகள் கட்டணத்துக்கு யாரைக் கேட்பது என்ற கணக்குகள் ஓயாமல் முறத்தில் கிடக்கின்றன. முறம் சுருங்கவில்லை. பாதி முறம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது.

இந்த ஆய்வின்மேல் மறுப்பு எழாமல் இல்லை. தரவுகளை வேறு விதமாகக் கணக்கிட்டவர்கள் விளைவு அவ்வளவு உறுதியாக இல்லை என்றார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்தபோது இத்தகைய வேறுபாடு தென்படவில்லை. என் கருத்தைச் சொல்கிறேன். மாதச் சம்பளத்துக்கு முந்தைய நாலு நாள் வறட்சியும், பதினொரு மாதம் வயலைப் பார்த்துக்கொண்டு கடனில் ஓட்டுவதும் ஒன்றல்ல. ஒடிசாவில் இலைத்தட்டு தைக்கும் தொழிலாளரில் ஒரு பிரிவினருக்குக் கூலியின் ஒரு பங்கை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார்கள். கடனை அடைத்த நிம்மதியில் அவர்கள் அதிகத் தட்டு தைத்தார்கள், தையலில் கவனப் பிசகும் குறைந்தது. கூலி விகிதம் ஒரு பைசா மாறவில்லை. நான் அப்பாவின் பக்கம்தான் நிற்கிறேன்.

அளப்பதிலும் ஒரு நியாயம் வேண்டும். எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வது மருத்துவமனையிலும் பள்ளியிலும் நடக்கும் வழக்கமான சோதனை. பேட்லி காட்டியது, ஏறத்தாழ இரண்டு வினாடியில் வாயால் சொல்லக்கூடிய அளவே உதட்டு நினைவில் நிற்கும் என்பது. ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை ஏழைத் தவிர எல்லாம் ஓரசை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று நாம் சொல்வது ஒவ்வொன்றும் இரண்டு அசை, ஒம்பது மூன்று. வெல்ஷ் மொழிப் பிள்ளைகள் ஆங்கிலப் பிள்ளைகளைவிடக் குறைவாகப் பெற்றதற்கு அவர்கள் மொழியின் நீளமான எண்ணுப்பெயர்களே காரணம் என்று 1980இல் எல்லிஸும் ஹென்னலியும் எழுதினார்கள். ஆங்கிலத்துக்கென வகுத்த மதிப்பெண் அட்டவணையைத் தமிழில் கேட்ட பிள்ளையின்மேல் அப்படியே வைக்கக் கூடாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கிலாந்தில் சூசன் கேதர்கோல் செயல்நினைவு குறைந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் பார்த்தார். அவர்களின் ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகளுக்கு நினைவுக் குறை என்று அநேகமாகச் சொல்லவே இல்லை, கவனமில்லை என்றுதான் சொன்னார்கள். "நோட்டை எடு, நாற்பத்திரண்டாம் பக்கம் திற, தேதி போட்டு மூணாவது கணக்கை எழுது" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். பிள்ளை நோட்டை எடுத்துவிட்டுத் திருதிருவென்று விழிக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், கடைசியைப் பலகையில் எழுதுங்கள். அலுவலகங்களில் இருப்பவர்களுக்கும் சொல்வேன். பயிர்க்காப்பீட்டுப் படிவமோ கடன் பத்திரமோ, பன்னிரண்டு பக்கம் நிரப்பச் சொல்லும் எதையும் வெட்டுக்குப் பிந்தைய வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக என் கதை. ஆறாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் தேர்வு வைத்து, மதிப்பெண் குறைந்தவர்களைத் தனி வரிசையில் உட்கார வைத்தார்கள். மந்த வரிசை என்று அதற்குப் பெயர். நான் அதில் இருந்தேன். தேர்வு நடந்த வாரம் அம்மாவின் தாலிக்கொடி அடகில் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். யார் கேட்டால் என்ன சொல்வது என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பதிலை ஒத்திகை பார்த்துக்கொண்டேதான் அந்த வாரம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், தேர்வு அன்றும். வெட்டு முடிந்தது. தாலிக்கொடி திரும்பி வந்தது. அடுத்த தேர்வில் என்னை முன்வரிசைக்கு மாற்றினார்கள். பையன் இப்போது திருந்திவிட்டான் என்று ஆசிரியர் அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் அம்மா சொல்லி அனுப்பியிருந்த நாலு சாமானையும் வாங்கினார்.